இரக்கத்துக்குச் சின்ன ‘ர’

எங்கள் அருங்காட்சியகத்தில் எனக்கு ஆயுத அறையில் காவல், என் தோழிக்குப் பக்கத்திலிருந்த தேவியர் அறையில். நடுவில் கதவில்லாத வாசல். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டால் காவலும் நடக்கும், ஊர்வம்பும் நடக்கும். ஈட்டியும் கத்தியும் பார்க்க வருகிறவர்கள் ஒழுங்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். காதல் தெய்வங்களைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் கை சும்மா இருக்காது. “தொடாதீங்க, தொடாதீங்க” என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அவள் அறையில் பசுக்காது வைத்த ஒரு தேவி உண்டு. ஆட்டம், பாட்டு, காதல் எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பாம். உலகத்தில் யார் அழுதாலும் காது கொடுத்துக் கேட்கிற கருணைத் தேவி ஒருத்தி, கையில் குடுவையோடு நிற்பாள். இத்தனை பேர் இருந்தும் உலகம் இந்த லட்சணத்தில்தானே இருக்கிறது என்று நான் கேட்பேன். தோழியின் நாற்காலி எப்போதும் மூலையிலிருந்த சுடுமண் பலகைக்கு எதிரில்தான். அதில் கொம்பு வைத்த கிரீடத்தோடு நிற்பவள் இனன்னா, காதலுக்கு அதிபதி. கீழே விளக்க அட்டையில் ‘இனன்னாவின் இரக்கம்’ என்று தலைப்பு. கீழுலகை ஆளும் தன் சகோதரியைக் காண இத்தேவி ஏழு வாசல் கடந்து போனாள், ஒவ்வொரு வாசலிலும் அணிந்திருந்ததில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள் என்று இரண்டு வரி. அவ்வளவுதான்.

வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அதை விரித்துச் சொல்வாள். “கூடப் பொறந்தவ மேல இரக்கப்பட்டு, நகை நட்டெல்லாம் விட்டுட்டுப் போனா பாருங்க.” கேட்டுக் கேட்டு அவளுக்கே ‘இரக்கம்’ என்று பெயர் வைத்துவிட்டோம். அவள் விடுப்பு எடுக்கிற அன்றைக்கு, “இன்னைக்கு நம்ம ஆபீஸ்ல இரக்கமே இல்லப்பா” என்பார் டிக்கெட் கொடுப்பவர். ஒவ்வொரு தடவையும் அதே ஜோக். வெட்கமில்லாமல் ஒவ்வொரு தடவையும் சிரிப்போம்.

அவளுக்கு ஒரு தங்கை. வயசுப் பெண்ணாக இருந்தபோது ஒருவனை விரும்பி, அதை அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்கா போய் அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். நல்லதுக்குத்தான் செய்தேன் என்பாள். அப்பா அவசர அவசரமாக வேறொருவனுக்குக் கட்டிவைத்தார். அவன் குடித்தான், அடித்தான், ஒருநாள் செத்தும் போனான். கல்யாணத்தன்றே தங்கை அக்காவிடம் பேச்சை நிறுத்தியிருந்தாள். இப்போது எலும்புக்குள் நோய் புகுந்து, மகள் வீட்டு உள்ளறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். டாக்டர் கைவிரித்துவிட்டார். கண் மூடுவதற்குள் தன்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்பது ஒன்றுதான் இவளுக்கு ஏக்கம்.

வேலை முடிந்ததும் பழம் வாங்கிக்கொண்டு அங்கே போவாள். தெருமுனையில் நின்று தோட்டையும் வளையலையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வாளாம். எல்லாம் அந்த அட்டை கொடுத்த புத்தி. என்னிடம் சொன்னபோது முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. இவளைக் கண்டதும் தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம்தான் சொல்வாள்: “அவங்களுக்கு நேரமாகுது பாரு, கிளம்பச் சொல்லு.” கூடப் பிறந்தவளுக்கு ‘அவங்க’! மின்சாரக் கணக்கெடுக்க வந்தவரைச் சொல்கிற மாதிரி.

புதிதாக வந்த அதிகாரி ஒருநாள் அந்த அட்டைக்கு முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

“இது ‘இறக்கம்’மா. பெரிய ‘ற’ போடணும். அவ கீழுலகத்துக்கு இறங்கிப் போன கதை இது. இரக்கமாவது மண்ணாவது! கீழுலகத்தையும் வளைச்சுப் போடலாம்னுதான் போனா. அந்தச் சகோதரி இவளைக் கொன்னு கொக்கியில மாட்டிட்டா.”

எத்தனையோ பேர் படித்துவிட்டுப் போன அட்டை. பேச்சில் நமக்கு இரண்டும் ஒரே ‘ர’ ஆகிவிட்ட பிறகு யாருக்கு உறைக்கும்? அவள் முகம் செத்துப்போயிற்று. “அப்போ இரக்கம்னு அதுல ஒண்ணுமே இல்லையா சார்?” என்று கேட்டாள். பாவி மனுஷன், அதோடு விட்டிருக்கலாம்.

புதிய அட்டை வந்தது. கொஞ்சம் நீளமாக. கொன்ற சகோதரி பிறகு வலியில் புரண்டாளாம். இனன்னாவை மீட்க ஒரு தெய்வம் மண்ணால் இரண்டு சின்ன உருவங்கள் செய்து அவளிடம் அனுப்பியது. அவள் ‘ஐயோ, என் வயிறு’ என்றால் அவை ‘ஐயோ, உன் வயிறு’ என்றன. ‘ஐயோ, என் முதுகு’ என்றால் ‘ஐயோ, உன் முதுகு’ என்றன. தன்னோடு சேர்ந்து அழ ஆள் கிடைத்ததில் அவள் மனம் இளகி, இனன்னாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதை இவள் அன்று சாயங்காலம் வரை உதடசைத்துப் படித்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னைக்கு இப்படிச் செஞ்சு பாக்கப் போறேன்” என்றாள்.

“கதையில நடக்கறதெல்லாம் வீட்ல நடக்குமா? பேசாம பழத்தைக் கொடுத்துட்டு வா” என்றேன். கேட்டால்தானே.

தங்கை வலி பொறுக்காமல், “ஐயோ, என் இடுப்பு” என்று முனகியிருக்கிறாள். இவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “ஐயோ, உன் இடுப்பு” என்றிருக்கிறாள். முனகல் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா, முடியலையே.” இவளும் விடாமல், “ஐயோ, உனக்கு முடியலையே.” சுவர்ப்பக்கம் இருந்த தலை மெல்லத் திரும்பியது. அத்தனை வருஷம் கழித்து முகத்துக்கு முகம். இவள் கையை நீட்டினாள்.

“பழிச்சுக் காட்டுறியாடி?” என்றாள் தங்கை. “சாகக் கிடக்கிறேன், இப்பவும் பழிச்சுக் காட்டுறியா? சின்னதுல நான் அழுதா எதிர்ல நின்னு அழுது காட்டுவியே, அதே மாதிரி! போடி வெளிய. நான் செத்தாக்கூட வராத.”

“ஐயோ, இல்லடி, நான் வந்து...”

அதற்குள் மகள் ஓடிவந்து, “பெரியம்மா, போயிடுங்க, அம்மாவுக்கு மூச்சு வாங்குது” என்று இவளை வெளியே தள்ளாத குறையாக அனுப்பிவிட்டாள்.

மறுநாள் இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, “ஆனா ‘டி’ போட்டுப் பேசிட்டா, கவனிச்சியா?” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதையும் ஒரு பேச்சு என்று மடியில் கட்டிக்கொள்கிறாளே என்று அவள் மேல் கோபம், அந்தத் தங்கை மேல் கோபம், சொன்னதைத் திருப்பிச் சொல்வதைத் தவிர வேறு பேசத் தெரியாத அந்த மண்பொம்மைகள் மேலும் கோபம்.

அந்த வாரமே தங்கை போய்ச் சேர்ந்தாள். மகள் போன் செய்தாள். “பெரியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வரக் கூடாதுன்னு அம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க.” இவள் சேலை மாற்றிக்கொண்டு நேரே வேலைக்கு வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் என் அறையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

“எடுக்கிறதுக்குள்ள ஓடு. தெருவிலயாவது நில்லுடி. யாரு உன்னைத் தடுத்துடப் போறாங்க? முகத்தையாவது பாத்துடு.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பார்வையாளர்கள் நான்கைந்து பேர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் நகர்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“இத்தனை வருஷத்துல அவ வாயைத் திறந்து எங்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். அதையாவது செஞ்சுடறேன், விடு.”