டிரைவர் சீட்டை மட்டும் துடைக்கவில்லை

என் கணவர் இறந்த பிறகும், சனிக்கிழமை சாயங்காலமானால் நான் அவருடைய காரைத் துடைத்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டாத காரை எதற்குத் துடைக்கிறாய் என்று பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. "என் வீட்டு காரு, நான் தொடைக்கிறேன், உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஒரே பதிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் சலிக்காமல் சொல்வேன்.

அவர் ரிட்டயர் ஆன வருஷம்தான் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவர் கோலார் தங்கவயல்காரர், சுரங்கத் தொழிலாளியின் மகன். கல்யாணமான பிறகும் பல வருஷம் காலையில் அங்கே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இருட்டின பிறகு ரயிலேறித் திரும்பியவர். அந்த ரயிலில் உட்கார இடம் கிடைப்பது லாட்டரி விழுகிற மாதிரி. கிடைத்தாலும் பிள்ளைத்தாய்ச்சி யாராவது வந்து நிற்பாள், இவர் எழுந்துவிடுவார். அதனாலோ என்னவோ, கார் கம்பெனி போட்டுக்கொடுத்த துணி சீட் போதாதென்று, ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்குப் போய் பழுப்பு நிறத்தில் நிஜத் தோலே போட்டுத் தைத்து மாட்டிக்கொண்டு வந்தார். ஆன செலவைக் கேட்டு நான் குதித்தேன். "ஆயுசு பூரா ரயில்ல நின்னுகினே வந்தவன் நானு. குந்துற சீட்டாவது நல்லதா இருக்கட்டும், வுடு" என்றார். அதோடு நான் சண்டையை விட்டேன்.

கடைக்காரர் சீட்டுகளுக்கெல்லாம் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பியிருந்தார். எங்கள் சொந்தத்தில் புதுச்சாமான் எது வந்தாலும் அதன் உறையைக் கழற்றுகிற வழக்கமே கிடையாது. என் அக்கா வீட்டு சோஃபாவில் இன்றைக்கும் பிளாஸ்டிக்தான். எழுந்திருக்கும்போது தொடையோடு சேர்ந்து எழும். டிவி ரிமோட்டுக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை. இவரோ காரை வாசலில் நிறுத்திய கையோடு எல்லா உறையையும் உருவி எறிந்தார். ஐயோ என்று நான் கத்தினேன். "லெதரு மூச்சு வுடணும். மூடி வெச்சா செத்துடும்னு கடைக்காரர் சொல்லிக்கிறாரு" என்றார். அவர் எறிந்ததை நான் பொறுக்கிக் கழுவி, மடித்துப் பரண்மேல் போட்டேன். எதற்காவது ஆகும் என்றுதான். நானும் என் அக்காவோடு பிறந்தவள்தானே.

அவர் சீட் துடைப்பதைப் பார்க்க வேண்டும். ஞாயிறு சர்ச் பூசைக்குக் கார் போகும் என்பதால் சனிக்கிழமை அதற்கென்றே ஒதுக்கிய நாள். வெயில் தாழ்ந்து சீட்டின் சூடு ஆறினால்தான் கை வைப்பார். முதலில் தூசியை மெஷினால் உறிஞ்சி எடுப்பார். பழைய பனியனைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, ஒரு சொட்டு விழாதபடி பிழிந்து, குழந்தைக்கு உடம்பு துடைப்பது போல் மெதுவாகத் துடைப்பார். தையல் ஓரங்களுக்கு ஒரு பழைய டூத் பிரஷ். காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்த பிறகு, டப்பாவிலிருந்து க்ரீமை விரல் நுனியில் கொஞ்சமாக வழித்து, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். தோல் அதைக் குடித்து முடிக்கிறவரைக்கும் கதவுகளைத் திறந்துபோட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "என் கால் வெடிச்சு கெடக்குது, எனக்குக் கொஞ்சம் தடவுறதுதானே" என்பேன். "சீட்டு முடியட்டும், அடுத்தது நீதான்" என்பார். ஒருநாள் நிஜமாகவே என் காலை மடியில் வைத்துத் தடவிவிட்டார். வாசம் பிடிக்கவில்லை என்று உடனே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். ஏன் கழுவினேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஈஸ்டருக்குப் பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போனது. ஈரல் என்றார்கள். பூசைக்கு மட்டும் பிடிவாதமாக அவரே காரை எடுத்தார். சீட் துடைக்கிற தெம்பு மட்டும் இல்லை. கடைசியாக ஓட்டிய ஞாயிறு, காரை உள்ளே விட்டு எஞ்சினை நிறுத்தியவர் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "தோசை ஆறுது. வர்றீங்களா, அங்கேயே கொண்டாந்து ஊட்டணுமா?" என்று சமையலறையிலிருந்து கத்தினேன். "இரு, வர்றேன்" என்றார். அந்த வாரமே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். உயிரோடு திரும்பி வந்தது நானும் எங்கள் மகனும்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை, நான் பனியன் துணியை எடுத்துக்கொண்டு காரிடம் போனேன். பின் சீட்டைத் துடைத்தேன். நான் உட்காருகிற பக்கத்து சீட்டைத் துடைத்தேன். டிரைவர் சீட்டில் கை வைக்க முடியவில்லை. தலை சாய்கிற இடத்தில் அவருடைய தலை எண்ணெய் இறங்கிக் கருத்திருந்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். எண்ணெயும் ஷேவிங் லோஷனும் வியர்வையும் கலந்து, அவரே அங்கே இருந்தார். வாராவாரம் தன்னைத் தானே துடைத்து எடுத்துக்கொண்டிருந்த மனுஷன், கடைசியில் முடியாமல் விட்டதால்தான் எனக்கு இவ்வளவாவது மிஞ்சியது. வீட்டில் அவர் சட்டைகளையெல்லாம், துக்கத்துக்கு வந்த சொந்தக்காரப் பெண்கள் நல்லது செய்வதாக நினைத்துத் துவைத்து மடித்துவிட்டார்கள். தலையணை உறையும் போயிருந்தது. அவர் வாசம் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு சீட்டில்தான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மற்ற சீட்டுகளைத் துடைத்து முடித்துவிட்டு, வெளியே நின்றபடி குனிந்து, டிரைவர் சீட்டில் முகத்தைப் புதைத்துவிட்டு வருவேன். தெருவில் யாராவது பார்த்தால் எதையோ தேடுவது போல் பாவனை செய்வேன். ஒரு வாரம் வாசம் சற்றுக் குறைந்திருப்பதாகத் தோன்றியது. எனக்குப் பகீரென்றது. சென்ட் பாட்டிலைத் திறந்து திறந்து பார்த்தால் தீர்ந்துபோகாதா? பரணிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை இறக்கினேன். டிரைவர் சீட்டின் தலையிலிருந்து அடிவரைக்கும் மாட்டி, இடுக்கெல்லாம் டேப் போட்டு ஒட்டினேன். இனிமேல் அடிக்கடி திறப்பதில்லை, ரொம்பத் தேவைப்படுகிற நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

மகன் வைட்ஃபீல்டில் வேலை செய்கிறான், அங்கேயே குடியிருக்கிறான். பேட்டரி இறங்கிவிடும் என்று அவ்வப்போது வந்து காரை ஸ்டார்ட் செய்வான். சீட்டில் உட்கார நான் விடவில்லை. "வெளிய நின்னே சாவியைத் திருப்பு" என்றேன். கதவு வழியாகக் குனிந்து, உறையில் கைகூட வைக்காமல், திருப்பினான். எஞ்சின் ஓடுகிற வரைக்கும் இரண்டு பேரும் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் போல நின்றுகொண்டிருப்போம்.

"மம்மி, வித்துடலாம். நீங்க ஓட்டப் போறதில்ல. சும்மா நின்னா வண்டி கெட்டுதான் போகும்" என்றான் ஒருமுறை.

"டாடியை வித்துடலாம்னு சொல்றியா?" என்றேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். அதன் பிறகு அவன் விற்கிற பேச்சை எடுக்கவில்லை.

பெங்களூர் மழை அந்த வருஷம் நின்றபாடில்லை. வீட்டுச் சுவரே வியர்த்தது. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அவர் போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள். பூ, மெழுகுவத்தியெல்லாம் எடுத்துக்கொண்டு அவருடைய காரிலேயே அவரிடம் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மகனிடம் போனில் சொன்னேன். "நான் ஓட்டலாமா மம்மி?" என்று பயந்துகொண்டே கேட்டான். ஓட்டலாம் என்றேன். அவன் உட்காருவதற்கு முன்னால் நான் ஒருமுறை நன்றாக முகர்ந்துகொள்ள வேண்டும். ரொம்பத் தேவைப்படுகிற நாள் வந்துவிட்டது என்று, முந்தின நாள் காலையில் டேப்பைப் பிரித்தேன்.

உறையைத் தூக்கியதும் மூக்கில் ஏறியது புழுங்கிய நாற்றம். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் தண்ணீர் கோத்திருந்தது. சீட் முழுக்கப் பூசணம். அதுவும் பொதுவாகப் பூக்கவில்லை. எண்ணெய் இறங்கிய இடத்தில், முதுகு சாய்ந்த இடத்தில், வியர்வை பட்ட இடத்தில் மட்டும் சாம்பலும் பச்சையுமாக அடர்ந்திருந்தது. அவர் எங்கெல்லாம் இருந்தாரோ அங்கெல்லாம் அதைத் தின்று வளர்ந்திருந்தது. நான் பொத்திப் பொத்தி வைத்ததுதான் அதற்குச் சோறு. கார் கதவைப் பிடித்துக்கொண்டு, தெரு கேட்க அழுதேன். எனக்கு என்மேல் கோபம், அதைவிட அவர்மேல் கோபம். லெதரை மூடி வைத்தால் செத்துவிடும் என்று தெரிந்து வைத்திருந்த மனுஷன், தான் போன பிறகு நான் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அழுது முடிந்ததும் துடைக்க ஆரம்பித்தேன். விட்டால் தோலும் போய்விடும். துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு காய்ந்த பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்டியெடுத்தேன். வினிகரும் தண்ணீரும் கலந்து, துணியை ஒட்டப் பிழிந்து துடைத்தேன். முதலில் துணியில் பச்சையாக வந்தது, பிறகு சாம்பலாக. தலை சாய்கிற இடத்தைத் துடைக்கும்போது பழுப்பாக வந்தது. அது அவருடைய எண்ணெய். அந்தத் துணியை முகத்துக்குக் கொண்டுபோனேன். வினிகர் நாற்றம்தான் அடித்தது. மறுபடி நனைத்தேன், மறுபடி துடைத்தேன். என் கையாலேயே, இடம் விடாமல், அவரைத் துடைத்து முடித்தேன்.

நிழலில் ஃபேன் வைத்துக் காயவிட்டு, சாயங்காலம் க்ரீம் போட்டேன். வறண்டு கிடந்த தோல் போடப் போடக் குடித்தது. இரண்டாம் தடவை போட்டதும் மெத்தென்று ஆனது. தலைப்பக்கம் ஒரு நிழல் போல மங்கலான கறை நின்றதைத் தவிர, கடையிலிருந்து வந்த சீட் போல் இருந்தது. அவர் பார்த்திருந்தால் பரவாயில்லையே என்றிருப்பார். முகத்தை வைத்துப் பார்த்தேன், க்ரீம் வாசம்தான். ஆனாலும் சீட் பிழைத்தது, அவர் ஆசைப்பட்டுத் தைத்த சீட் இருக்கிறது, அதுவாவது இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை மகன் மெட்ரோவில் வந்து இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தான். பூக்களைப் பின் சீட்டில் வைத்தேன். அவன் டிரைவர் சீட்டைத் தடவிப் பார்த்து, "சூப்பரா பண்ணிருக்கீங்க மம்மி, டாடி செஞ்ச மாதிரியே இருக்கு" என்றான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உட்கார்ந்தான். என் பக்கத்துக் கதவைத் திறந்து நானும் ஏறினேன். உயரத்தில் அவன் என்னைப் போல. அப்பாவுக்குத் தோள் வரைக்கும்தான் வருவான். கால் பெடலுக்கு எட்டவில்லை. கையைச் சீட்டுக்கு அடியில் விட்டு எதையோ இழுத்தான். கடகடவென்று சீட் முன்னால் நகர்ந்தது.

"என்னடா பண்ணே?" என்றேன்.

"கால் எட்டல மம்மி. சீட்டை முன்னாடி..." என்றவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான்.

"பின்னாடி தள்ளு. டாடி வெச்ச எடத்துலயே வை."

அவன் தள்ளினான். சீட் ஒவ்வொரு பல்லாக மாட்டிக்கொண்டு பின்னால் போயிற்று.

"இங்கயா மம்மி?"

"இன்னும் கொஞ்சம்."

"இங்க?"

நான் பார்த்தேன். பல வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். ஸ்டியரிங்குக்கும் அவர் நெஞ்சுக்கும் எவ்வளவு இடம் இருக்கும், முழங்கால் எங்கே வரும், ஒன்றும் எனக்கு நினைவில்லை. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருகிறவள். "இன்னும் கொஞ்சம்" என்றேன். தள்ளினான். "இல்ல, முன்னாடி ஒண்ணு." இழுத்தான். "டாடி இங்கதான் வெச்சிருந்தாரா?" என்று கேட்டான்.

"தெரியலடா" என்றேன். "எனக்குத் தெரியல."

அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். சாரி மம்மி, சாரி மம்மி என்று முனகினான். அவன் முதுகைத் தடவிவிட்டேன். அவன் செய்ததில் தப்பு ஒன்றுமில்லை. கால் எட்டாமல் யாரும் கார் ஓட்ட முடியாது. பின் சீட்டில் பூ வாடிக்கொண்டிருந்தது. சர்ச் சாமியார் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிக்க வருகிற நேரமாகிவிட்டது, எடு போகலாம் என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீட்டைத் தன் காலுக்கு எட்டுகிற மாதிரி முன்னால் இழுத்துப் போட்டு, வண்டியை எடுத்தான்.