3050 என்ற பெயரில் இரண்டு கார்டுகள்

கோவையில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் கவுண்டரில் நான் உட்கார்ந்த முதல் நாள், முதலாளி கிராபிக்ஸ் கார்டு எண்களைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். "முதல் ரெண்டு நம்பர் தலைமுறை, அடுத்த ரெண்டு நம்பர் தரமுங்க ஸ்டெல்லா. பெரிய நம்பரா இருந்தா பெரிய கார்டுன்னு நெனச்சுப்போடாதீங்க." ஒரே எண்ணில் இரண்டு கார்டுகள் வரும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது எல்லோரும் ஆன்லைனில் வாங்குகிறார்கள். பெரும்பாலான பகல்களில் கடையில் நான் மட்டும்தான். அப்படி ஒரு பகலில் கிணத்துக்கடவிலிருந்து தங்கவேல் வந்தார். எழுபது வயதிருக்கும், தென்னந்தோப்புக்காரர். துண்டுச் சீட்டில் 3050 என்று எழுதியிருந்தார். அந்த எண்ணில் ஆறு ஜிபி, எட்டு ஜிபி என்று இரண்டு கார்டுகள் உண்டு.

"ஆறு ஜிபியா, எட்டு ஜிபியாங்க?"

"பையன் நம்பர் மட்டுந்தான் சொன்னானுங்க அம்மணி. பெருசே குடுங்க."

மகன் ஆஸ்திரேலியாவில் இருந்தான். "போன்ல ரெண்டே நிமிஷத்துல வெச்சுப்போடறானுங்க. ஞாயித்துக்கெழமை கூட்டாளிகளோட கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் ஆடறப்ப மணிக்கணக்கா பேசுவானாமா. நானும் அதுக்குள்ள போயிட்டா பேசலாமுல்லீங்க?"

எட்டு ஜிபியைக் கொடுத்தேன். எந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில் மாட்டுவீர்கள் என்று கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து கார்டோடு வந்தார். "செல்போன் கடைக்காரருதான் மாட்டுனாருங்க. திரை கருப்பாவே நிக்குது. எனக்குத்தான் போடத் தெரியலையாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேனுங்க."

கார்டைத் திருப்பிப் பார்த்ததும் புரிந்தது. எட்டு ஜிபிக்குத் தனியாக ஒரு பவர் ஒயர் வேண்டும். மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய பெட்டியில் அந்த ஒயரே கிடையாது. ஒயர் தேவைப்படாத ஆறு ஜிபி கார்டு அன்றைக்கு என் பின்னால் அலமாரியில்தான் இருந்தது.

பிரித்த கார்டை மாற்ற முதலாளி முதலில் ஒப்பவில்லை. தப்பு என்னுடையது என்றதும் ஆறு ஜிபியைக் கொடுத்தார். ஞாயிறன்று சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய் நானே மாட்டினேன். திரை வந்தது. மகன் ஆடும் கேமில் அவர் பெயரில் கணக்குத் தொடங்கி, மகனுக்கு அழைப்பு அனுப்பினேன்.

சிறிது நேரத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, உங்க பேர்ல கேம்ல ரிக்வெஸ்ட் வந்துருக்கு. யாரோ ஏமாத்தறாங்க."

"இல்ல கண்ணு, நாந்தான். உன்ற கூட ஆடலாமுன்னு."

"நான் அதை உட்டு ஒரு மாசம் ஆச்சுப்பா. வேலை மாறிட்டேன், நேரமில்ல."

"செரி கண்ணு. சாப்டயா?"

"ம். அப்புறம் கூப்படறேன்."

முதல் வாரமே சரியான கார்டு போயிருந்தால் நான்கைந்து ஞாயிறுகளாவது கிடைத்திருக்கும். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அட, உடுங்க அம்மணி" என்றார். "வந்தது வந்தீங்க, இதை எப்படி ஓட்டறதுன்னு காட்டிப்போட்டுப் போங்க."

பஸ் நேரம் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலியான பாதையில் அவர் கார் சுவரில் முட்டி முட்டி நின்றது.

இப்போது யார் எந்த எண்ணைச் சொன்னாலும், கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்கிறேன். கார்டு போன மறுநாளே நானே கூப்பிட்டு, திரை வந்ததா என்று கேட்டுவிடுகிறேன்.