மூன்றடி புகைக்குழாய்

"அறைக்குள் விறகடுப்பு வைத்தால் அதன் புகைக்குழாய் கூரை முகட்டைவிட மூன்றடி உயர்ந்திருக்க வேண்டும், அதுவரை அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது." எங்கள் பனியன் கம்பெனியின் பராமரிப்பு விதிகளில் இது பதினான்காவது. எழுதியவன் நான். கூரையில் கைவைக்கக் கோவைத் தலைமை அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்ற பதினைந்தாவதும் என் கைவண்ணம்தான். இரண்டும் ஒருநாள் மோதிக்கொள்ளும் என்று எழுதும்போது தோன்றவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் திருப்பூர் வேலம்பாளையத்தில் நான் நிர்வாக அதிகாரி. சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்கள் தங்குவதற்கு நீலகிரி உச்சியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வைத்திருந்தோம். அதைப் பார்த்துக்கொண்டவர்கள் செல்வராஜும் அவர் மனைவி மேரியும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள், முன்பு எங்கள் செக்கிங் பிரிவில் இருந்தவர்கள். பையர்களின் அறைகளில் ஹீட்டர் இருந்தது. இவர்களுடைய ஓட்டு அறைக்கு ஆளுக்கொரு கம்பளி.

மார்கழியில் குளிர் தாங்கவில்லை என்று மேரி எழுதினார். அனுப்பர்பாளையத்தில் வெந்நீர் பாய்லர் செய்யும் நாச்சிமுத்துவிடம் ஓர் இரும்பு அடுப்பு செய்யச் சொல்லி, அவரையே மேலே அனுப்பினேன். அடுப்பை வைத்துவிட்டு, குழாயைச் சுவர் வழியே வெளியே விட்டு, போனில் கூப்பிட்டார்.

"குழாய் கூரைக்குக் கீழயே நிக்குதுங்க. காத்தடிச்சா பொகை திரும்ப ஊட்டுக்குள்ளதான் வரும். ஓட்டைப் பிரிச்சு இன்னொரு துண்டு ஏத்தோணும்."

"அனுமதி கேட்டு எழுதியிருக்கேன், பதில் வரட்டும்."

"ஏனுங்க சார், ஆர்டர் வந்தாத்தான் நகருவேன்னு பொகை காத்துட்டு நிக்குமுங்களா?"

சிரித்தேன். ஆனாலும் பதினைந்தாம் விதியை விடவில்லை. குளிரில் கிடப்பவர்களுக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்து, பதினான்காம் விதியை மட்டும் தளர்த்தினேன்: "அதுவரைக்கும் சின்னதா எரிச்சுக்கட்டும்." பற்றவைக்க, வெட்டி மிஞ்சிய துண்டுத்துணியான பனியன் வேஸ்ட் ஒரு மூட்டையும் அனுப்பினேன்.

திருப்பூரில் வேலை செய்தவருக்குப் பனியன் வேஸ்ட் கிடைத்தால் கை சும்மா இருக்காது. மெஷின் துடைப்பார்கள், தலையணையில் திணிப்பார்கள். மேரி அதை வென்டிலேட்டரிலும் கதவிடுக்கிலும் ஜன்னல் சந்திலும் இறுக்கி அடைத்துவிட்டார். குளிர் நின்றது. காற்றும் நின்றது.

பத்து நாள் கழித்து, காலையில் ஆபீசுக்குள் நுழையும்போதே போன் அடித்தது.

"சார், மேரி பேசுதேன். இவுக எந்திரிக்க மாட்டேங்காக. எனக்கும் தல கிறுகிறுன்னு வருது."

"அவரை வெளிய இழுத்துப் போடும்மா! மொதல்ல வெளிய!"

"வாசல்ல இழுத்துப் போட்டுட்டுத்தான் பேசுதேன் சார். மூச்சு இருக்கு."

பக்கத்து எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் அரைமணி நேரம் உள்ளே கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

மறுநாள் நாச்சிமுத்துவோடு நானே மேலே போனேன். ஓட்டைப் பிரித்துக் குழாயை ஏற்ற ஒரு மணி நேரம் ஆனது. அவர் கூரைமேல் இருந்தபோது, நான் சந்துகளிலிருந்து வேஸ்ட்டைப் பிடுங்கினேன். நான் அனுப்பிய மூட்டையில் முக்கால்வாசி திரும்பக் கிடைத்தது.

ஒரு வாரத்தில் செல்வராஜ் எழுந்து நடமாடினார். "சார் அடுப்பு அனுப்பலன்னா வெறச்சே போயிருப்போம்," என்று எனக்கு நன்றி வேறு சொன்னார்.

இப்போது நிர்வாகத்தில் இருக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு விதிகள் மோதினால், எதை மீறினால் மெமோ வரும், எதை மீறினால் மனிதனுக்கு மூச்சு முட்டும் என்று மட்டும் பாருங்கள். நான் மெமோவுக்குப் பயந்தேன்.

கூரையைப் பிரிக்கத் தலைமை அலுவலகத்தின் அனுமதி, திருப்பூரில் அக்னி நட்சத்திரம் தொடங்கிய அன்று வந்தது: மே மாதம் நான்காம் தேதி.