பழைய சத்தத்தைத் திரும்ப வைத்தேன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் தைத்தேன். அங்கே மெஷின் நின்றுபோனால் கையைத் தூக்க வேண்டும், மெக்கானிக் வருவார். நாங்கள் ஒரு திருகைக்கூடத் தொடக்கூடாது. அதனாலோ என்னவோ, வேலையை விட்டதும் வேலூர் லாங் பஜாரில் ஒரு பழைய பெடல் மெஷினை வாங்கி வந்து, கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருந்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தது உண்மைதான். ஆனால் தைத்த நேரத்தைவிட எண்ணெய் போட்ட நேரம் அதிகம்.

அந்த மெஷினுக்கு ஒரு சத்தம் இருந்தது. மிதிக்கும்போதெல்லாம் 'டொக்-கடக்' என்று, யாரோ நொண்டிக்கொண்டே படியேறுவதுபோல் கேட்கும். மூன்று வாரம் அதோடு போராடினேன். பெல்ட்டை மாற்றினேன். துணியைத் தள்ளும் பல்லுக்கு அடியில் படிந்திருந்த பஞ்சுத்தூசியை ஊசியால் சுரண்டி எடுத்தேன். தரையில் படுத்துக் கண்ணில் பட்ட திருகையெல்லாம் முறுக்கினேன். ஒரு செவ்வாய்க்கிழமை மிதித்துப் பார்த்தால் சத்தமே இல்லை. பெருமையில் துணியே வைக்காமல் கால் மணி நேரம் மிதித்தேன்.

வியாழக்கிழமை மாடி வீட்டுப் பெண் இறங்கி வந்தாள். சின்னப் பெண், ஐந்து மாதக் குழந்தைக்குத் தாய். வீட்டில் உருது, என்னிடம் தமிழ். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தைப்பதை விட்டுவிட்டேனா, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தாள். மெஷினைச் சரிசெய்துவிட்டேன் என்று சொல்லி, பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"பாப்பா அந்தச் சத்தத்துலதான் தூங்கும்க்கா," என்றாள். "ரெண்டு நாளா மத்தியானம் கண்ணே மூடல. திரும்ப கெடுத்துக் குடுக்க முடியுமா?"

கெடுப்பது சுலபம் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மூன்று பேரும் வேலையில் இறங்கினோம். அவள் மேலே தொட்டிலருகில், நான் கீழே மெஷினில், அவள் கணவன் நடுப்படியில். அவனுக்கு ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் வேலை. வெளிநாட்டுக்காரன் பார்த்துச் சரியென்று சொல்கிறவரை ஒரே செருப்பைத் திரும்பத் திரும்பச் செய்து அனுப்புகிற இடம். ஆகவே அவனுக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

முதலில் பெல்ட்டைத் தளர்த்தி மிதித்தேன். அவன் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

"அப்ரூவ் ஆகலக்கா. பழைய சாம்பிள் கொஞ்சம் கனமா இருந்துச்சு. இதுல கீச்சு ஜாஸ்தி."

தலையணைப் பஞ்சைக் கிள்ளிப் பல்லுக்கு அடியில் அடைத்தேன். சத்தம் கம்மி என்று திரும்பி வந்தது. அடிநூல் இருக்கும் பாபின் கேஸை எடுத்துவிட்டு மிதித்தேன். குழந்தை சிரித்ததாம், அதுவும் ரிஜெக்ட். நான் சோர்ந்துபோய், ஃபோனில் வேறு ஏதாவது மெஷின் சத்தத்தைப் போட்டுப் பார்க்கலாமே என்றேன். ஏற்கெனவே போட்டார்களாம். பாப்பா ஃபோனை வாயில் வைத்துக்கொண்டதாம்.

கடைசியில், பெடலைப் பெரிய சக்கரத்தோடு இணைக்கும் கம்பி இருக்கிறதே, அதன் அடித் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். டொக்-கடக். மேலே அழுகை மெல்ல நின்றது. பத்து நிமிடம் கழித்து அவன் சத்தம் கேட்காமலிருக்கச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, "அப்ரூவ்ட்," என்று காதோரம் சொன்னான். இத்தனை வருடத்தில் என் வேலையை யாரும் அவ்வளவு பயபக்தியோடு பாஸ் செய்ததில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தத் திருகு தளர்ந்திருந்தால் பெடல் வெட்டி இழுக்கும், சக்கரம் பின்னால் சுற்றும், நூல் அறுந்துபோகும். முன்பு அதோடு மல்லுக்கட்டித்தான் தைத்தேன், இனி முடியாது. ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். தினமும் இரண்டு மணிக்கு மெஷினைக் கெடுப்பேன். கால் மணி நேரம் வெறுமனே மிதிப்பேன். இரண்டேகாலுக்குப் படுத்துச் சரிசெய்வேன். அரைச் சுற்று பிசகாமலிருக்கத் திருகில் நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்தேன். அந்த நேரத்தில் அளவு கொடுக்க வந்தவர்கள், துணியே இல்லாமல் மும்முரமாகத் தைத்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று போய்விடுவார்கள்.

இப்படியே நான்கைந்து மாதம் போனது. ஒருநாள் மிதித்து முடித்த கையோடு, திருகைக்கூட முறுக்காமல், அவர்கள் பிரியாணி கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. தொட்டிலில் குழந்தை கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு முழித்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. கீழே பாயில் அதன் அம்மா வாய் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாத்திரத்தை வைத்த சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்தபடி தரையைப் பார்த்தாள்.

"பாப்பா மத்தியானத்துல தூங்கி ஒரு மாசமாச்சுக்கா," என்றாள். குழந்தையின் வாயிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டு, "அந்தச் சத்தம் வந்தா எனக்குத்தான் தூக்கம் வருது," என்றாள்.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ராத்திரி முழுக்கக் குழந்தை, காலையில் சமையல். அவளுக்கு அந்தக் கால் மணி நேரம்தான் கிடைத்திருக்கிறது. கணவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"சொல்லாதீங்கக்கா. மறுபடி சாம்பிள் பாக்க ஆரம்பிச்சிடுவாரு."

படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் படுத்துத் திருகு முறுக்க முடியாது. ஆகவே அன்று யூனிஃபார்ம் எதுவும் தைக்கவில்லை. இருட்டும்வரை மிதித்துக்கொண்டிருந்தேன்.