பதிகம்போல் படித்த படப் புத்தகம்

பட்டினத்துக்குச் சைக்கிளில் போன ஐயா, திரும்பி வரும்போது மரக்கறிப் பைக்குள் ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தார். ஐம்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு ஆறு வயது. பன்னிரண்டு பக்கங்கள். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு படம், கீழே நான்கு வரிகள். முதலாம் பக்கத்தில் அணில். அது மரத்தில் ஏறும், பழம் பறிக்கும், பாதியைத் தம்பிக்கு வைக்கும். நீயும் அவ்வாறு செய். இரண்டாம் பக்கத்தில் ஆமை. அது தண்ணீரைக் கண்டால் இறங்கும். நீயும் நாள்தோறும் குளி. இப்படியே எறும்பு, காகம், கோழி என்று நீளும். நான்காவது வரி எப்போதும் புத்திமதி.

எங்கள் வீட்டில் பதிகங்கள் செவிவழியே இறங்குபவை. விளக்கேற்றியதும் அம்மா ஒரு வரி பாடுவார். நானும் அண்ணையும் திருப்பிப் பாடுவோம். ஆறு வயதுக்குள் நான்கு பதிகங்கள் முழுமையாக எனக்கு வந்தன. அவற்றின் ஓர் எழுத்தையேனும் நான் கண்ணால் கண்டதில்லை. கோயிலில் திரை விலகித் திருவுருவம் தெரிந்ததும், அழையாமலே பாட்டு நாவில் வந்து நிற்கும். கண் காண்கிறது, வாய் சொல்கிறது. நடுவில் எழுத்து என்று ஒன்று வேண்டுமென எனக்குத் தோன்றியதே இல்லை.

அண்ணை அந்தப் புத்தகத்தை மூன்று மாலைகள் உரக்க வாசித்தான். நான்காம் நாள் அதை நான் மடியில் வைத்து, அணில் முதல் கடைசிப் பக்கத்து மாடு வரை ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவித்தேன். வாசிப்பது என்பது இதுதான் என்று உண்மையாகவே நம்பினேன்.

தோட்டத்திலிருந்து வந்த ஐயா மண்வெட்டியை இறக்காமல் நின்று கேட்டு, அம்மாவைக் கூப்பிட்டார்.

"இஞ்சாரும், கேட்டீரோ? பிள்ளை வாசிக்குது!"

அதன் பின் வீட்டுக்கு எவர் வந்தாலும் தேநீருக்கு முன் நான் பரிமாறப்பட்டேன். ஒரு முறை பெரியப்பா பெருமூச்சு விட்டார். "எங்கடை பெடியனுக்கு எட்டு வயசாச்சு. அவனுக்கு ஆனாவைத் தெரியாது, ஆவன்னாவைத் தெரியாது, சோத்துக்கோப்பையை மட்டும் தெரியும்."

பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பழக்கும் அரிவரி வகுப்புக்கும் அதே புத்தகம்தான் பாடமாக வந்தது. நாற்பது பிள்ளைகளோடு அல்லற்பட்ட ரீச்சருக்கு நான் ஒரு வரப்பிரசாதம். அவர் ஒரு நாள் வகுப்பில் அறிவித்தார்: கலைமகளுக்கான வாணி விழாவன்று தலைமை வாத்தியார் புதிய படப் புத்தகங்களைக் கட்டவிழ்த்துத் தருவார், அதுவரை எவரும் பாராத அந்தப் புத்தகத்தைப் பெற்றோர் முன்னிலையில் நான் வாசிக்க வேண்டும். எனக்கு அச்சமே எழவில்லை. புத்தகத்தை விரித்தால் வரிகள் தாமாக வரும் என்றிருந்தேன்.

அன்று மாலை குசினியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருக்க, நான் வழக்கம்போல் வாசித்தேன். அட்டையோடு முதல் தாள் ஒட்டிக்கிடந்ததை நான் கவனிக்கவில்லை. என் பார்வை தேங்காய்ப் பூவில் இருந்தது. "அணில் மரத்தில் ஏறும்" என்றேன். அம்மா எட்டிப் படத்தைப் பார்த்தார்.

"எடி பிள்ளை, எப்ப தொடக்கம் ஆமை மரத்திலை ஏறுது?"

"எழுத்து அப்பிடித்தான் சொல்லுதம்மா."

"எங்கை, எந்த எழுத்து அணில்? தொட்டுக் காட்டு பாப்பம்."

நான் தைரியமாக ஓரிடத்தில் விரலை வைத்தேன். பிறகு அதற்கு அடுத்த இடத்தில் வைத்தேன். மூன்றாவது இடத்துக்குப் போகுமுன் விரல் நின்றுவிட்டது. எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கே தெரிந்தது. விழாவும் புதிய புத்தகமும் நினைவுக்கு வர, ஓவென்று அழுதேன்.

அம்மா சிரித்தார். பின்னர் வாசலை ஒரு முறை பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "அழாதை. நானும் உப்பிடித்தான். வெள்ளிக்கிழமை கோயிலிலை புத்தகத்தை விரிச்சு வைச்சுப் பாடுறன் அல்லோ? பக்கத்திலை இருக்கிறவ தாளைப் பிரட்ட நானும் பிரட்டுவன். உன்ரை ஐயாவுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது."

எழுத்தறியாதவர் என்பதால்தான் அவர் படத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்ததால்தான் என்னைக் கண்டுபிடித்தார். கற்ற ஐயாவும் ரீச்சரும் வரிகளைக் கேட்டு மகிழ்ந்ததோடு நின்றுவிட்டார்கள்.

அண்ணையிடம் உதவி கேட்கலாம் என்றேன். "அவனுக்குச் சொன்னால் ஒழுங்கை முழுக்கப் பறையடிப்பான்" என்று அம்மா மறுத்தார். அவரே ஒரு வழி கண்டார். வரிகள் எமக்கு மனப்பாடம். எனவே ஒவ்வோர் எழுத்தின் மேலும் ஒரு புளியங்கொட்டையை வைத்துக்கொண்டே வரியை மெல்லச் சொல்லுவோம். சொல்லும் எழுத்தும் ஒன்றாக முடிந்தால் சரி. முதல் நாள் எழுத்துகள் மிஞ்சின. மறுநாள் சொற்கள் மிஞ்சின. அம்மா ஒரு குறியை உற்றுப் பார்த்தார். "இந்தச் சுழி தனி ஆளோ, இல்லை பக்கத்து ஆளின்ரை கூட்டாளியோ?" மறுநாள் வகுப்பில் ரீச்சரைக் கேட்டு வந்தேன். அது கொம்பு, தனியே நில்லாது என்றார். இருவரும் அதற்குக் கொட்டை கொடுப்பதை நிறுத்தினோம். வரி சரியாக முடிந்தது.

கறி கொதிக்கும் நேரமே எங்கள் பாட நேரம். ஒரு நாள் அம்மா அகப்பையோடு விறாந்தைக்கு ஓடிப்போய்ச் சுவரைத் தொட்டார். "எடி, ஆமையின்ரை ஆவன்னா கலண்டரிலை நிக்குது!" அது ஆவணி மாதம். கறி அடிப்பிடித்தது. அன்றிரவு ஐயா கருகியதை ஒதுக்கிவைத்துச் சாப்பிட்டார்.

இவ்வாறு பன்னிரண்டு பக்கங்களையும் கடந்தோம். ஆயினும் அறிந்த வரிகளில் எழுத்தைக் காண்பது வேறு. அறியாத புத்தகத்தில் காண்பது வேறு. விழா நாள் காலை பழைய புத்தகத்தையே மீண்டும் மீண்டும் புரட்டினேன்.

கும்பத்தின் முன் அவலும் கடலையும் படைத்திருந்தார்கள். தலைமை வாத்தியார் கட்டை அவிழ்த்து ஒரு புத்தகத்தை என் கையில் தந்தார். விரித்தேன். படத்தில் ஓர் ஆடும் ஒரு வேலியும் இருந்தன. திரை விலகியும் பாட்டு வரவில்லை. கலைமகளை நினைந்து எழுத்தில் விரலை வைத்தேன்.

"ஒ... ரு... ஊ... ரி... ல்..."

பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது நன்றாகக் கேட்டது. "றெயில் கொக்குவில் ஸ்டேசனை விட்டு வெளிக்கிடுற மாதிரி இருக்கு." சிலர் சிரித்தனர். ஐயாவின் தலை தாழ்ந்தது. பெண்கள் பக்கத்தில் அம்மா மட்டும் நிமிர்ந்திருந்தார்.

விரல் ஊர்ந்தது. கதையின் ஆட்டுக்குப் பசி. வேலியில் ஒரு வாத்தியார் தம் சால்வையைக் காயப்போட்டிருந்தார். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியைக் கூட்டிக் கூட்டி வாசித்து முடித்தேன்: "சால்வைக்கு ஓடத் தெரியாது."

படத்தைப் பார்த்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வெடித்தது. அந்தப் படத்தில் வெறும் வேலியும் வாய் உப்பிய ஆடும் மட்டுமே. சால்வைக்கு நேர்ந்ததை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை, எழுத்துத்தான் சொன்னது. தலைமை வாத்தியார் தம் தோளிலிருந்த சால்வையைத் தடவிப் பார்த்ததும் மண்டபமே சிரித்தது. அந்த ஆரவாரத்தில் ரீச்சர் என் முதுகைத் தட்டினார். "காணும் பிள்ளை, மிச்சம் பிறகு." இன்னும் இரண்டு பக்கங்கள் இருந்தன.

அவல் வாங்கியபின் அம்மா ரீச்சரிடம் போனார். "ரீச்சர், உந்தப் புத்தகத்தை ஒரு நாளைக்குத் தருவியளோ?"

"பிள்ளைக்கு இன்னும் பழக்கவோ?"

"இல்லை. ஆட்டுக்கு என்ன நடந்ததெண்டு அறிய வேணும்."

ரீச்சர் தந்த புத்தகத்தோடு நாங்கள் நடக்க, ஐயா சைக்கிளை உருட்டி வந்தார். வீட்டுப் படலையடியில் கேட்டார். "என்ன பிள்ளை, வீட்டிலை வாய்க்கால் தண்ணி மாதிரி வாசிச்சாய். இண்டைக்கு ஏன் இப்பிடி?"

"இண்டைக்குத்தான் பிள்ளை வாசிச்சது" என்றார் அம்மா.

ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஆவலை அடக்க மாட்டாமல் மீதிப் பக்கங்களை விரித்தேன். அம்மா புத்தகத்தைப் பறித்துக்கொண்டார்.

"பாத்தாலும் வாயைத் திறவாதை. இது என்ரை பங்கு."

கோயிற் சேலையும் மாற்றாமல் அவர் குசினிப் படியில் அமர்ந்து விரலை வைத்தார். வா... த்... தி... யா... ர். வேலியில் சைக்கிளைச் சாத்திய ஐயா அருகே வந்தார். விளங்கிவிட்டது போலும், அவர் முகம் மலர்ந்தது.

"ஆறுதலாய் வாசியும். ஆடு எங்கையும் ஓடாது."

அடுப்பு மூட்டும் நேரம் கடந்தது. அம்மா ஒவ்வோர் எழுத்தாக இறங்கிக் கடைசி வரியை அடைந்தார். "காயப்போட்டதைக் கவனி, ஆட்டை ஏசாதே." முடித்ததும் அவர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. புத்தகத்தை முதற் பக்கத்துக்குத் திருப்பி, அந்த ஊரிலிருந்தே மீண்டும் தொடங்கினார்.