பெயர் சொல்லாத ஐஸ்கிறீம்

மாமியின் கையில் ஒரு சில்வர் கிண்ணம். அதற்குள் ஈரமண் நிறத்தில் ஓர் ஐஸ்கிறீம் உருண்டை, ஓரங்களில் உருகத் தொடங்கியிருந்தது. மாமி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்களை மூடிக்கொண்டு, கோவிலில் நற்கருணை வாங்கியவர் போல அசையாமல் இருந்தார். கடைக்காரர் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றியபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றார். மாமி நெடுநேரம் யோசித்துவிட்டு, "மாம்பழம்" என்றார். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏனென்றால் அது விளாம்பழம். முற்றத்தில் ஒன்று விழுந்து உடைந்தால் அடுத்த வளவுக்காரருக்கும் மணத்தால் தெரிந்துவிடும் விளாம்பழம். மாமி பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கண்களைத் திறந்தபோது அவர் முகத்தில் பகிடி இருக்கவில்லை. எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். அந்த முகத்துக்கு என்ன பொருள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

மாமி என் அப்பாவின் அக்கா. எங்கள் சொந்த இடம் கொக்கிளாய். எண்பதுகளின் நடுவில் அங்கிருந்து எல்லாரும் இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக்குப் போனோம். அங்கே மாமியின் கணவர் நெஞ்சுவலியில் இறந்துபோக, மாமி எங்களோடு கிளிநொச்சிக்கு வந்து, அரசாங்க அலுவலகங்கள் இருந்த கச்சேரிக்குப் போகிற வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார். கடை என்றால் எங்கள் வீட்டு வளவில் ஒரு கொட்டில், இருக்க நான்கு வாங்குகள், பின்பக்கம் சமைக்கக் குசினி, அதற்குப் பின்னால் கிணறு, கிணற்றடியில் கறிக்கு வாசனை சேர்க்கும் இலைக்காக நட்ட ரம்பைப் பற்றை. ஏ.எல். பரீட்சையை முடித்துவிட்டு மறுமொழியும் வராமல், போக இடமும் இல்லாமல் இருந்த நான் அவரோடு வேலைக்கு நின்றேன். மத்தியானத்தில் கச்சேரிக் கந்தோர்க்காரர்கள் மாமியின் மீன்குழம்புக்காகவே வருவார்கள். மீன் எங்கேயும் கிடைக்கும். மாமியின் குழம்பு மாமியிடம் மட்டும்தான் கிடைக்கும்.

மாமி சமைக்கும்போது ருசி பார்க்கிறதே இல்லை. கொதிக்கிற சட்டிக்கு மேலே உள்ளங்கையைக் குவித்துப் பிடித்து, எழும்பி வருகிற ஆவியை முகத்துக்கு அள்ளுவார். ஒரு மூச்சு. அவ்வளவுதான். பிறகு உப்பில் ஒரு நுள்ளோ, ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ போட்டு மூடிவிடுவார். உப்புக்கு எப்படி, மாமி, மணம் வரும் என்று நான் கேட்டால், "அது வரும்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

யாழ்ப்பாணத்துச் சனம் சண்டைக்குத் தப்பி, நீரேரி கடந்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்த மாரிக்காலம் அது. எந்த மரத்தடியைப் பார்த்தாலும் ஒரு குடும்பம் இருந்தது. அந்த மாரியில் மாமிக்கு மலேரியா இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறை, காய்ச்சல் விட்ட மறுநாளே எழும்பித் தண்ணீர் அள்ளப் போனவர், கிணற்றடியில் தலை சுற்றி விழுந்தார். பின்மண்டை சீமெந்தில் அடிபட்டது. வீக்கம் வற்றியதும் பழையபடி அடுப்படிக்கு வந்துவிட்டார். நாங்களும் அவர் விழுந்ததை மறந்துவிட்டோம்.

ஐஸ்கிறீம் கடை திறந்ததும் அந்த நாட்களில்தான். கடைக்காரர் யாழ்ப்பாணத்தில் பெரிய கடை வைத்திருந்தவராம். மனைவி முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் தனியாக, ஒரு பழைய குளிர்ப்பெட்டியையும் சின்ன ஜெனரேட்டரையும் லாண்ட்மாஸ்ரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்றில் கடை போட்டார். மண்ணெண்ணெய் கிடைக்கிற அளவுக்குத்தான் ஜெனரேட்டர் ஓடும். அதனால் வெள்ளியும் ஞாயிறும் மட்டும்தான் கடை. வனிலாவோ சொக்லேட்டோ நிறப் பொடியோ எதுவும் அப்போது அரசாங்கத்தின் தடையால் வவுனியாவைத் தாண்டி இந்தப் பக்கம் வராது. ஆனால் எருமைப்பால் இருந்தது, பனங்கட்டி இருந்தது, காடு இருந்தது. அவர் காட்டுப் பாலைப்பழத்தில் ஐஸ்கிறீம் செய்தார். விளாம்பழத்தில், பனங்களியில், இஞ்சியில், வறுத்த உளுந்தில் செய்தார். ஒரு கிழமை மிளகு போட்டுச் செய்ய, சந்தைச் சனமெல்லாம் தும்மியது. எதற்கும் பெயர் எழுதி வைக்க மாட்டார். சாப்பிடுகிறவர்தான் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்தால் ஆட்கள் வேண்டாமென்று போய்விடுவார்கள் என்பது அவருடைய பயமாக இருந்திருக்கலாம். நாளடைவில் அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது.

பால் விடாத பிளேன்ரீயைக்கூடச் சீனி இல்லாமல் குடிக்கிற மாமி, ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போகத் தொடங்கினார். ஒரு கிண்ணம் வாங்குவார். கண்ணை மூடிச் சாப்பிடுவார். தவறாகச் சொல்வார். பாலைப்பழத்தைப் பனங்களி என்றார். இஞ்சியைச் சரியாகச் சொன்னார். அன்று அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு இன்னும் குழப்பம் கூடியது. இஞ்சி தொண்டையில் எரியும். அதைக் கண்டுபிடிக்க என்ன கெட்டித்தனம் வேண்டும்? அடுத்த கிழமை உளுந்தைத் தேங்காய்ப்பூ என்றார். பழையபடி முகம் இருண்டது.

இதே காலத்தில்தான் எங்கள் கடைச் சாப்பாடும் பிழைபடத் தொடங்கியது. ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை. மறுநாள் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பருப்பு அடிப்பிடித்து, மணம் வீதிவரைக்கும் வந்த பிறகும் மாமி பக்கத்தில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நான் ஓடிவந்து சட்டியை இறக்கியபோது, தன்னுடைய வேலையில் நான் ஏன் கை வைக்கிறேன் என்று கோபித்தார். கந்தோர்க்காரர்கள் முதலில் பகிடியாகச் சொன்னார்கள், பிறகு பகிடியாகவும் சொல்லவில்லை. பேசாமல் வேறு கடைக்குப் போனார்கள். மாமியோ பழையபடி ஆவியை உள்ளங்கையால் அள்ளினார், தலையை ஆட்டினார், மூடியால் மூடினார். செய்கையில் ஒரு மாற்றமும் இல்லை. சட்டிக்குள்தான் எல்லாம் மாறியிருந்தது.

ஊர் தன்பாட்டில் ஒரு காரணம் கண்டுபிடித்தது. தனியாக இருக்கிற மனிசி, தனியாக இருக்கிற மனிசன், ஞாயிறுக்கு ஞாயிறு ஐஸ்கிறீம். மனம் அங்கே இருந்தால் சமையல் எப்படிச் சரிவரும்? அப்பாவின் காதுக்கும் இது வந்தது. அவர் மாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. தமக்கையிடம் அப்படிக் கேட்கிற துணிவு அவருக்கு இல்லை. என்னைக் கூப்பிட்டு, அங்கே என்ன கதைக்கிறார்கள் என்று விசாரித்தார். விளாம்பழத்தைப் பற்றி என்றேன். அப்பா நம்பவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார். எனக்கும் சந்தேகம் இல்லாமலில்லை. அப்படி ஒன்று இருந்தால் நல்லதுதானே என்றும் ஒரு மனம் சொல்லும். ஆனால் மாமி கடைக்காரரை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லையே, கிண்ணத்தைத்தானே பார்க்கிறார் என்று இன்னொரு மனம் சொல்லும்.

பதில் ஒரு பகல் வேளையில் குசினியில் கிடைத்தது. அன்று காலையில் அப்பா எங்கிருந்தோ ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்கி வந்து, அவசரத்தில் எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டும் ஒரே மாதிரிச் சாராயப் போத்தல்கள். அடுப்பில் பொரிக்கிற தாச்சி காய்ந்துகொண்டிருந்தது. மாமி கைக்கு வந்த போத்தலைத் தூக்கி, மூடியைத் திறந்து, வழக்கம்போல மூக்குக்குக் கிட்டப் பிடித்து ஆழமாக ஒரு மூச்சு எடுத்தார். தலையை ஆட்டினார். தாச்சிக்கு மேலே சரித்தார். மண்ணெண்ணெய் மணம் வாசலில் நின்ற எனக்கு அடித்தது. பாய்ந்துபோய்க் கையைத் தட்டிவிட்டேன். போத்தல் மண்ணில் விழுந்து உருண்டது. அடுப்பில் ஒரு துளிதான் விழுந்திருக்க வேண்டும். சுவாலை குப்பென்று எழுந்து மாமியின் முன்மயிரைப் பொசுக்கிவிட்டு அடங்கியது.

எனக்குக் கோபமா பயமா என்று தெரியவில்லை. "மணந்து பாத்திட்டுத்தானே ஊத்தினீங்கள்?" என்று கேட்டேன்.

மாமி கீழே கிடந்த போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஒண்டும் மணக்கேல்லை பிள்ளை" என்றார். "விழுந்த நாளிலயிருந்து மணக்கேல்லை. நாக்கில உப்பு எண்டு தெரியுது, இனிப்பு எண்டு தெரியுது. அது மீனோ மரக்கறியோ எண்டு தெரியேல்லை."

பொசுங்கிய மயிரின் மணம் குசினி முழுக்க நின்றது. அதுவும் அவருக்குத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு மெல்ல மெல்ல மிச்சத்தையும் சொன்னார். வைத்தியசாலையில் ஒருவருக்கும் சொல்லவில்லை, தம்பியான என் அப்பாவுக்கும் சொல்லவில்லை. சமைக்கத் தெரியாமல் போன மனிசியை யார் வைத்துப் பார்ப்பார்கள் என்று பயம். ஒருநாள் திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் சமையலில் அதைச் சோதிக்க முடியவில்லை. என்ன போட்டோம் என்று தெரிந்திருப்பதால், மூக்கு சொல்லாததை மனம் சொல்லிவிடுகிறதாம். குழம்பைக் கண்டவுடன் குழம்பு மணப்பது போல இருக்குமாம். அந்த ஐஸ்கிறீம் ஒன்றில்தான் உள்ளே இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது. அங்கேதான் தன்னைத் தான் ஏமாற்ற முடியாது. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகள். ஊர் சொன்ன கதையை அவருக்குச் சொன்னபோது, பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

அதன் பிறகு சட்டிக்கு மேலே என்னுடைய மூக்குத்தான் போனது. மாமி அருகில் நின்று, இப்போது என்ன மணக்கிறது என்று கேட்பார். மீன் என்பேன். மீன் மணக்கிறதா, மீனின் பச்சை மணக்கிறதா என்று கேட்பார். எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல வார்த்தை இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது என்னிடம் இருந்தது, ஆனால் அதை எடுத்துக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. குழம்பு முன்னையதைப்போல் வரவில்லை என்றாலும் சாப்பிடக்கூடியதாக வந்தது. போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

ஆடி மாதம் ஊர் கிளம்பியது. ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. உழவு இயந்திரங்களில் கூரைத் தகரங்கள்கூட ஏறிப் போயின. நாங்கள் அக்கராயன் பக்கம் போவதென்று அப்பா முடிவெடுத்து, சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஐஸ்கிறீம் கடைக்காரர் சைக்கிளில் வந்து, கடைசி மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஐஸ்கிறீம் அடித்திருப்பதாகவும், குளிர்ப்பெட்டியை விட்டுவிட்டுத்தான் போவதாகவும், உருகுவதற்கு முன் ஒருக்கால் வந்துவிட்டுப் போகும்படியும் சொன்னார். அப்பா முறைத்தார். மாமி சேலையை உதறிக்கொண்டு எழும்பினார்.

சந்தையில் ஒரு மனிதரும் இல்லை. நாய்கள் மட்டும் நின்றன. கடைக்காரர் கழுவித் துடைத்த கிண்ணத்தில் ஒரு வெள்ளை உருண்டையை வைத்து நீட்டினார். பால் வெள்ளை, பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. எனக்கும் ஒன்று தந்தார். நான் வாயில் வைத்தவுடனே தெரிந்துகொண்டேன். பேசாமல் இருந்தேன். மாமி கண்களை மூடினார். தூரத்தில் இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. அவர் கண்களைத் திறக்கவில்லை.

"என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றார் கடைக்காரர். அன்று அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"ரம்பை" என்றார் மாமி.

கடைக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்களைத் துடைத்தார். ரம்பை இலையைப் பாலில் ஊறவைத்து வடித்ததாம். யாழ்ப்பாணத்திலும் யாரும் செய்ததில்லையாம். ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தாராம். மாமியும் சிரித்தார். மாமிக்கு மூக்குத் திரும்பிவிட்டது என்று அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து கடைசியாக முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே நின்ற எங்கள் ரம்பைப் பற்றை புதிதாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த வட்டாரத்தில் வேறு வளவுகளில் ரம்பை இல்லை. காலையில் தண்ணீர் அள்ளியது மாமிதான். இலை கேட்டுக் கடைக்காரர் மாமியிடம் வந்தாரா, அப்பாவிடம் வாங்கிப் போனாரா, வெட்டினதை மாமி பார்த்தாரா, பார்க்கவில்லையா? அப்பாவிடம் கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். மாமியிடம் கேட்க வாயைத் திறந்தபோது உழவு இயந்திரம் உறுமத் தொடங்கிவிட்டது. கடைக்காரரை அதன் பிறகு நாங்கள் காணவில்லை.

அக்கராயனில் இருந்தோம், மல்லாவியில் இருந்தோம், கடைசியில் வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் வந்து தங்கினோம். மாமி எல்லா இடத்திலும் சமைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். நன்றாக வந்த நாட்களில் அது என்னுடைய மூக்கா அவருடையதா என்று எனக்குத் தெரிந்ததில்லை. கேட்டால், "உனக்கு மணக்குதெல்லே, எனக்கு அது காணும்" என்பார்.

இன்று வவுனியாவில் என் பிள்ளைகள் போகிற கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக ஐஸ்கிறீம் இருக்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் பெயர் குத்தியிருக்கிறது. படம்கூடப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பெயரைப் பார்த்துத்தான் ருசியை முடிவு செய்கிறார்கள். பெயர் தெரியாமல் வாயில் வைப்பது அவர்களுக்கு அருவருப்பு.

மாமி இறப்பதற்கு முந்திய வருடம், படுக்கையில் இருந்த ஒரு பின்னேரம், துணிந்து கேட்டேன். அந்த நாள் ரம்பை உண்மையில் மணந்ததா, வெட்டியதைப் பார்த்துச் சொன்னீர்களா?

மாமி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "பற்றை வெட்டிக் கிடந்ததைக் கண்டனான்" என்றார். "அண்டைக்கு அந்த மனிசனுக்கு ஆரும் ஒராள் சரியாச் சொல்ல வேண்டிக் கிடந்தது." அத்தோடு முடிந்தது என்று நான் எழும்பப் போனேன். மாமி என் கையைப் பிடித்து இருத்தினார். குழம்பிப்போன முகத்தோடு என்னையே பார்த்தார்.

"ஆனா பிள்ளை, மணந்த மாதிரியும் இருந்தது."