பொட்டு வைத்த ஸ்பானர்கள்

ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆறு சாமான் போதும். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் அக்கா. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பின்னால் உட்காருவதற்குக்கூட அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் உட்காருவாள்.

அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். போர்க்காலத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது, சீர்வரிசையோடு தம்பியையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள் என்று அத்தான் கேலி செய்வார். அவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. முதல் இரண்டு வருஷச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து அந்த மோட்டாரை வாங்கினேன். ஊருக்குத் திரும்பிய ஒரு துரை கழித்துவிட்டுப் போன, போருக்கு முந்திய வண்டி. என்னைவிட ஐந்தாறு வயதுதான் சின்னது.

வண்டி வந்த வாரமே கடைத்தெருவுக்குப் போய், ஒரு சீனர் இரும்புக்கடையில் கோணிப்பை நிறையச் சாமான் வாங்கி வந்தேன். எது வேண்டும் என்று தெரியாதவனுக்கு எல்லாமே வேண்டியதாகத்தான் தெரியும். ஸ்பானர்கள் பளபளவென்று இருந்தன. அவை மில்லிமீட்டர் அளவில் செய்தவை, என் வண்டி அங்குலக் கணக்கில் பிறந்தது என்பதெல்லாம் எனக்கு எங்கே தோன்றியது? பின்சக்கரத்து நட்டில் ஒன்றை மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. அழுத்தித் திருகியதும் வழுக்கிவிட்டது. நட்டின் முனைகள் மழுங்கின, என் விரல் முட்டி தோலுரிந்தது.

அக்கா மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள்.

"கடையவே தூக்கிட்டு வந்துட்ட. எது எதுக்குன்னு தெரியுமாடா?"

"தெரியும்."

"கையப் பாத்தாலே தெரியுது."

அன்று சாயங்காலம் அவள் அடுப்படிக்குப் பின்னால் ஒரு பாயை விரித்து, சாமான்களை எல்லாம் அதில் பரப்பச் சொன்னாள். புது வீட்டுக்கு வந்தபோது பாத்திரங்களை அவள் அப்படித்தான் ஒழுங்கு பண்ணியிருந்தாள். எல்லாவற்றையும் இடது பக்கம் அடுக்கி வைப்பது, கை பட்டதை மட்டும் வலது பக்கம் மாற்றுவது. ஒரு மாதம் கழித்து இடது பக்கம் மிச்சமிருப்பதைப் பரணில் போட்டுவிடுவது. "தெனமும் கையில படுறது நாலு கரண்டிதான். மிச்சமெல்லாம் பெருமைக்கு" என்றாள். என் மோட்டாருக்கும் அதே சட்டம்தான்.

ஒரு மாதம் நானும் பொறுமையாக இருந்து பார்த்தேன். மில்லிமீட்டர் ஸ்பானர்கள் ஒன்றுகூட இடம் மாறவில்லை. அவற்றுக்குப் பதிலாக இரண்டே இரண்டு பழைய வெள்ளைக்கார ஸ்பானர்களைப் பழஞ்சாமான் குவியலில் தேடிப் பிடித்தேன். இரு பக்கமும் வாய் உள்ளவை, நாலு அளவுக்கு அவை போதும். பிளக் கழற்றும் குழாய் ஸ்பானர் வலது பக்கம் போனது. மரக்கைப்பிடி போட்ட திருப்புளி ஒன்று, பிளையர் ஒன்று. தீப்பொறி உண்டாக்கும் மேக்னெட்டோவில் இரண்டு பாயிண்ட் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்கத் தனிக் கருவி உண்டு. அத்தான் சவரம் செய்து போட்ட பிளேடுகளில் மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் அதே அளவு வருகிறது என்று நான் கண்டுபிடித்தபோது, அக்கா அதையும் ஒரு சாமானாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். பழைய காக்கித் துணியில் ஆறுக்கும் ஆறு பை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். சுருட்டி நாடாவால் கட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வண்டியோடு மல்லுக்கட்ட, அவள் அரிசி புடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பாள். பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. மீன் விலை, பக்கத்து வீட்டுக்காரர்கள், அத்தானின் குறட்டை. அந்தக் காலைகள் தீர்ந்துபோகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாடு சுதந்திரம் அடைந்தது. ஊரெல்லாம் கொடி. அடுத்த வாரமே அத்தான் சொன்னார், வேலையை விட்டுவிட்டாராம், குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகிறாராம். அவர் அங்கே பிறந்தவர், அவருக்கு நிலம் இருக்கிறது, அண்ணன் தம்பி இருக்கிறார்கள்.

"நீயும் வந்துடுடா" என்றாள் அக்கா.

"நான் பொறந்தது இங்க. அங்க எனக்கு யாரு இருக்கா?"

"எனக்கு மட்டும் யாரு இருக்கா? நானும் இங்கதானே பொறந்தேன்."

"அப்பப் போகாத."

"அவர விட்டுட்டா?"

  நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் பெட்டி கட்டிய அந்த நாட்களில் நான் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அவள் சோறு போட்டால் சாப்பிட்டேன், கேட்டால் தலையாட்டினேன். உள்ளுக்குள் எல்லாவற்றையும் ரயிலடியில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் ஜன்னலோரம் நின்று, "கோவமெல்லாம் இல்லக்கா" என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பயண நாள் ஆயுத பூஜையன்று வந்து விழுந்தது. கப்பல்காரனுக்கு நம் பண்டிகை தெரியுமா? பினாங்கில் கப்பல், அதற்குத் தம்பினில் பகல் ரயில். எங்கள் ஊருக்கு இருந்த தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து ரயில் ஏறத் தம்பினுக்குத்தான் போகவேண்டும். இருபத்து நாலு மைல். டாக்சியில் அத்தான், அக்கா, இரண்டு குழந்தைகள், பெட்டிகள். எனக்கு இடமில்லை. அத்தானிடமிருந்த இன்னொரு வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நான் மோட்டாரில் வருவதாக ஏற்பாடு.

பூஜை போடாமல் வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று அக்கா விடியற்காலையிலேயே எழுந்துவிட்டாள். சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, இங்கேயே விட்டுப்போகிற அத்தானின் கத்தரிக்கோல், குழந்தைகளின் சிலேட்டு, தன் அரிவாள்மணை, பிறகு என் ஆறு சாமான்களையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டாள். பிளேடுகளையும் அவள் விடவில்லை. நான் என் பங்குக்கு, இரண்டு வாளி தண்ணீரை ஊற்றி மோட்டாரைப் பளிச்சென்று கழுவி வைத்தேன். "துணியால தொடச்சாப் போதாதா?" என்றாள். நான்தான் பேசுவதில்லையே, காதில் வாங்காத மாதிரி இன்னும் ஒரு செம்பு ஊற்றினேன். டாக்சி கிளம்பும்போது அவள் என் தோளைத் தொட்டு, "வந்துருவல்ல?" என்றாள். தலையாட்டினேன்.

சாவியைக் கொடுக்கப் போனவன் வீட்டுக்காரரின் பேச்சில் மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து வண்டியை உதைத்தேன். அது இருமக்கூட இல்லை. இருபது உதை, முப்பது உதை. தண்ணீர் மேக்னெட்டோவுக்குள் போய்விட்டது என்பது அப்போதே புரிந்துவிட்டது. திருப்புளியால் மூடியைக் கழற்றி ஈரத்தைத் துடைக்கவேண்டும், பிளக்கைக் கழற்றிக் காயவைக்கவேண்டும், ஐந்து நிமிஷ வேலை.

உள்ளே ஓடினேன். சாமான்கள் இலையில் பொட்டோடு இருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. வண்டிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, பொட்டு வைத்த கையோடு ஓட்டலாம். ஸ்பானருக்குக் கிடையாது. கை நீட்டினேன். அவள் வைத்த குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. அதை அழித்துக்கொண்டு எடுத்தால், கப்பலில் போகிறவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில், பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டிக் குடும்பம். தமிழ் தெரியாது, மலாயில்தான் பேசுவார்கள், ஆனால் சாமி காரியத்தில் எங்களைவிடக் கெட்டி. அவர்கள் வீட்டிலும் எல்லாம் பூஜையில் இருந்தன. பஸ் அப்போதுதான் போயிருந்தது. வண்டியை உருட்டிக்கொண்டே ஒரு மைல் தள்ளியிருந்த சீனர் பட்டறைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் லாரியோடு நின்றார். என் முறை வந்ததும் பட்டறை முதலாளியான தவுக்கே மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "குளிப்பாட்டினியா?" என்று மலாயில் கேட்டார். துடைத்தார், ஊதினார், உதைத்தார். வண்டி கிளம்பிவிட்டது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அலோர் காஜா வழியாக அப்படி ஓட்டினேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓட்டியதில்லை. தம்பின் ரயிலடியில் ஒரு போர்ட்டர் மட்டும் தள்ளுவண்டியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ரயில் போய்ப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது என்றார். நான் அங்கேயே, அவர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. முதல் வரியே, "தம்பி, உன் கோபம் தீர்ந்ததா?" என்றிருந்தது. நான் நடந்ததை எல்லாம் எழுதினேன், நாலு பக்கம். அதற்கும் பதில் வந்தது. பைத்தியக்காரா என்று ஆரம்பித்திருந்தாள். பொட்டு வைத்தவள் நான்தானே, எடுத்திருந்தால் சாமியிடம் நான் சமாதானம் சொல்லியிருக்க மாட்டேனா என்று கேட்டிருந்தாள். கடிதப் போக்குவரத்து பல வருஷம் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் போகலாம், அதற்கடுத்த வருஷம் போகலாம் என்று நான் இருக்க, ஒருநாள் அத்தானின் கையெழுத்தில் கடிதம் வந்தது.

அவள் என்னை மன்னித்துவிட்டாள், அது எனக்குத் தெரியும். ஆனால் தம்பினிலிருந்து பினாங்குவரைக்கும், பிறகு அந்தக் கடலில் அத்தனை நாளும், தம்பி கோபத்தில்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறாள்.